சும்மா கொடுத்த மேசை: ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய பொருட்களை இலவசமாகக் கைமாற்றிக்கொள்ளும் ஒரு வாட்ஸ்அப் குழுவை நடத்துபவர்களில் நானும் ஒருத்தி. வீடு மாறுகிற ஒரு குடும்பம் தன் படிப்பு மேசையைக் குழுவில் போட்டதில் தொடங்கி, அது வாசலைத் தாண்டிப் போனது வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன். கொடுத்தவரும், கேட்டவர்களில் என்னோடு பேசச் சம்மதித்தவர்களும் தங்கள் மெசேஜ்களைக் காட்டினார்கள். பெயரும் இடமும் எங்கும் வராது.

பெரிய சண்டை ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் முடிவில் கொடுத்த பெண் “இனிமே எதுவா இருந்தாலும் குப்பையிலதான் போடுவேன்” என்றார். வாங்கிப் போனவர் “சும்மா கிடைக்குதுன்னு போனேன் பாருங்க, எனக்கு நல்லா வேணும்” என்றார். கேட்டும் கிடைக்காத ஒருவர் குழுவை விட்டே போய்விட்டார். மூவருமே நல்ல மனிதர்கள், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. உபயோகமான மேசை ஒன்று தேவைப்பட்ட வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. அப்படியிருந்தும் எல்லாருக்கும் ஏன் வாய் கசந்தது?

எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலை வைத்து விற்கும்போது பணம் சில வேலைகளைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. நிஜமாகவே வேண்டியவரையும், கேட்டுத்தான் பார்ப்போமே என்று கேட்பவரையும் அது பிரித்துக் காட்டும். முன்பணம் கொடுத்தவர் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார். பொருளில் குறை இருந்தால் கேட்கிற உரிமையும் வாங்குபவருக்கு இருக்கும். விலையை எடுத்துவிட்டாலும் அந்த வேலைகள் அப்படியேதான் கிடக்கின்றன, யாராவது தன் நேரத்தைப் போட்டு அவற்றைச் செய்தாக வேண்டும். இலவசக் கைமாற்றத்தில் எழும் மனஸ்தாபங்களில் பெரும்பாலானவை, அந்த நேரத்தை யார் தலையில் கட்டுவது என்பதைப் பற்றியவை.

நடந்தது

ஒரு புதன்கிழமை இரவு இந்த மெசேஜ் வந்தது: “ஸ்டடி டேபிள், நல்ல நிலையில் உள்ளது. இலவசம். முதலில் கேட்பவருக்கு.” கூடவே ஒரே ஒரு படம், அதுவும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராக எடுத்தது. மேசைமேல் துணி மூட்டைகள் குவிந்திருந்ததால் பாதி மேசை தெரியவில்லை. திங்கட்கிழமை வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதை அவர் எழுதவில்லை.

அடுத்த சில நிமிடங்களில் “இருக்கா?”, “எனக்கு வேணும்”, “இன்னும் இருக்கா மேடம்?” என்று மெசேஜ்கள் குவிந்தன. முதலில் “எனக்கு” என்று போட்டவர் ஒரு இளைஞர். சனிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கொடுப்பவர் குழுவில் “கொடுத்தாச்சு” என்று போட்டுவிட்டார்.

அந்த அவசரத்தில் ஒரு மெசேஜ் கவனிக்கப்படாமலே போனது. “மேடம், மேசையின் நீளமும் உயரமும் சொல்ல முடியுமா? சரியாக இருந்தால் நாளை மாலை 6 மணிக்கு வண்டியோடு வந்து எடுத்துக்கொள்கிறேன். தூக்க ஆள் கூட்டி வருவேன்.” அன்றைக்கு வந்ததிலேயே உருப்படியான மெசேஜ் அதுதான். அனுப்பியவருக்கு ஞாயிறு வரை ஒரு பதிலும் போகவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் இளைஞர் வரவில்லை. கொடுப்பவர் ஒரு வேலையைத் தள்ளிவைத்துவிட்டு வீட்டில் காத்திருந்தார். “கிளம்பிட்டீங்களா?” என்று கேட்டதற்கு இரண்டு நீல டிக் விழுந்தன, பதில் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. ஞாயிறு காலை அவர் குழுவில் மறுபடியும் போட்டார், இந்த முறை குரலில் சூடு: “சீரியஸாக வேண்டியவர்கள் மட்டும் கேளுங்கள். இன்றைக்குள் எடுக்க வேண்டும்.” ஒருவர், வீட்டுக்கே கொண்டுவந்து தர முடியுமா, நாற்காலியும் சேர்த்து வருமா என்று கேட்டார். இன்னொருவர் பொதுவிலேயே தன் வீட்டுக் கஷ்டத்தை எல்லாம் எழுதினார். உயரம் கேட்டவருக்குத் தனியாக மெசேஜ் போனபோது, “நான் வேற வாங்கிட்டேன் மேடம்” என்று பதில் வந்தது. குழுவை விட்டுப் போனவர் அவர்தான்.

கடைசியில் ஞாயிறு இரவு ஒருவர் வாடகைக்கு வண்டி பிடித்துக்கொண்டு தம்பியோடு வந்தார். இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. அது அவருக்கு அங்கே போய்த்தான் தெரியும். துணி மூட்டையை எடுத்துப் பார்த்தால் வலது இழுப்பறை பாதிக்கு மேல் திறக்கவில்லை, கீழ் விளிம்பில் தண்ணீர் பட்டுப் பலகை உப்பியிருந்தது. வண்டிக்காரர் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலையில் அவர் மேசையை எடுத்துக்கொண்டு போனார்.

சொல்லாமல் இருந்தவர்

வராத இளைஞரோடு பிறகு பேசினேன். எங்கள் குழுவில் அவரைத் திட்டாத ஆள் இல்லை. அவர் சொன்னதை முழுசாகக் கேட்டபோது எனக்குக் கோபம் போய் வருத்தம்தான் வந்தது. வெள்ளிக்கிழமை தன் அறையை அளந்து பார்த்திருக்கிறார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அந்த மேசை நுழையாது. அப்போதே ஒரு வரி போட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஏன் போடவில்லை? “கேட்டு வாங்கிட்டு அப்புறம் வேணாம்னு சொன்னா திமிர்னு நினைப்பாங்கல்ல?” என்றார். நேரம் ஆக ஆக வெட்கம் கூடிக்கொண்டே போயிருக்கிறது. போன் அடிக்கும்போது கையில்தான் இருந்திருக்கிறது.

காசு கொடுத்து வாங்குகிற இடத்தில் “வேண்டாம்” என்பது சாதாரணப் பேச்சு. சும்மா கொடுக்கிற இடத்தில் அது கொடுப்பவரின் மனதைத் தட்டிவிடுவதுபோல் ஆகிவிடுகிறது. பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மாஸ் 1925-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், கொடைக்குள் மூன்று கடமைகள் இருப்பதாகச் சொன்னார்: கொடுப்பது, ஏற்பது, திருப்பித் தருவது. முகம் தெரியாதவரிடம் பழைய மேசை வாங்குகிறவருக்கு மூன்றாவது கடமையைச் செய்ய வழியில்லை. அதனாலேயே இரண்டாவது அவரை அழுத்துகிறது, மறுக்க நா எழுவதில்லை. சொல்லாமல் வராமல் இருக்கிறவர்களில் பலர் அலட்சியக்காரர்கள் இல்லை என்று நான் நம்பத் தொடங்கியது இந்த இளைஞரோடு பேசிய பிறகுதான். ஆனாலும் வீட்டில் காத்திருந்த பெண்ணின் ஒரு மாலை போனது போனதுதான். இளைஞரின் மனதில் என்ன ஓடியது என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை.

அப்புறம், ஏன் அத்தனை பேர் அளவுகூடக் கேட்காமல் கை தூக்கினார்கள்? கிறிஸ்டினா ஷம்பானியர், நீனா மாசார், டான் ஏரியலி மூவரும் 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. உயர்தர லிண்ட் சாக்லேட்டை 15 சென்ட்டுக்கும், சாதாரண ஹெர்ஷி சாக்லேட்டை 1 சென்ட்டுக்கும் வைத்தபோது, எடுத்தவர்களில் 73 விழுக்காட்டினர் லிண்ட்டையே தேர்ந்தெடுத்தார்கள். இரண்டிலும் ஒரே ஒரு சென்ட்டைக் குறைத்தார்கள்: லிண்ட் 14 சென்ட், ஹெர்ஷி இலவசம். உடனே 69 விழுக்காட்டினர் ஹெர்ஷி பக்கம் போய்விட்டார்கள். விலை வித்தியாசம் அதே 14 சென்ட்தான். ‘இலவசம்’ என்றதும் எது நமக்கு ஏற்றது என்கிற கணக்கை மனம் விட்டுவிடுகிறது. கேட்டவர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டுவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் செய்ததை யாரும் செய்வார்கள். அதனால், கேட்பதற்கு முன் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வைக்கிற மாதிரி கொடுக்கிற முறையே இருக்க வேண்டும்.

“நல்ல நிலையில்”

வாங்கிப் போனவரின் மனக்குறையைச் சொன்னபோது கொடுத்தவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “அந்த டிராயர் எப்பவுமே அப்படித்தான். லேசா தூக்கி இழுத்தா வந்துடும்.” அவர் பொய் சொல்லவில்லை. தன்னிடம் இருக்கும் பொருளை மனிதர்கள் அதிகமாக மதிக்கிறார்கள் என்பதை டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990-இல் காஃபி கோப்பைகளை வைத்துக் காட்டினார்கள். கோப்பை கையில் இருந்தவர்கள் அதை விட்டுக்கொடுக்கக் கேட்ட விலை, கையில் இல்லாதவர்கள் கொடுக்க முன்வந்ததைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. பல வருடம் புழங்கிய மேசையின் குறை அதன் சொந்தக்காரர் கண்ணுக்குத் தெரியாமல் போவதில் வியப்பில்லை. “நல்ல நிலையில்” என்பது கொடுப்பவரின் பாசத்தைச் சொல்கிறது. மேசை எப்படி இருக்கிறது என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது.

‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா’ என்று குழுவில் ஒரு மூத்தவர் கேட்டார். இந்தப் பழமொழியோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. வாடகை வண்டி, தம்பியின் அரை நாள், இரண்டு மாடிப் படிகள், இவ்வளவும் வாங்குகிறவரின் செலவு. பல் விழுந்த மாடு என்று முன்பே தெரிந்திருந்தால் அவர் கிளம்பியிருக்க மாட்டார், அல்லது தெரிந்தே மனநிறைவோடு வந்திருப்பார். குறையை முன்கூட்டிச் சொல்லாத கொடை, குப்பை அள்ளுகிற வேலையை இன்னொருவருக்கு மாற்றிவிடுவதாகக்கூட முடியும். குறை கேட்பது நன்றிகெட்டதனம் இல்லை. வாசலில் வந்து பார்த்துவிட்டு “மன்னிச்சுக்கோங்க, இது எங்களுக்குச் சரிப்படாது” என்று சொல்லவும் வாங்குபவருக்கு இடம் இருக்க வேண்டும். நீளம், அகலம், உயரம், கழற்ற முடியுமா, எத்தனையாவது மாடி, எந்த இடத்தில் உடைசல் என்பதை எழுத ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுப்பவர் மிச்சம் பிடித்தால், கேட்கிற ஒவ்வொருவரும் அதைத் தனித்தனியாகச் செலவழிக்க வேண்டியதாகிறது.

கஷ்டத்தை எழுத வைப்பது

இந்த நிகழ்வில் என்னை மிகவும் உறுத்தியது வராதவரும் இல்லை, உப்பிய பலகையும் இல்லை. “என் பொண்ணு தரையில உட்கார்ந்துதான் எழுதுறா. கழுத்து வலிக்குதுன்னு சொல்றா. வாங்கிக் குடுக்க இப்ப வழியில்ல” என்று நூற்றுக்கணக்கான பேர் பார்க்கும் இடத்தில் ஒரு தாய் எழுத வேண்டி வந்ததுதான். அதன் கீழே ஒருவர், போன் வைத்திருக்கிறீர்களே, மேசை வாங்க முடியாதா என்று கேட்டார். அதை உடனே நீக்கினேன். ஆனால் அந்த அம்மா படித்துவிட்டார். பிறகு அவர் எதுவுமே கேட்கவில்லை.

முதலில் கேட்பவருக்கே என்கிற விதி நியாயமானதுபோல் தெரியும். போனைக் கையிலேயே வைத்திருப்பவருக்கும், வேலை நேரத்தில் மெசேஜ் பார்க்க முடிகிறவருக்கும், வண்டி வைத்திருப்பவருக்கும்தான் அது சாதகம். அதற்கு நேர்மாறாக, யாருக்கு அதிகத் தேவையோ அவருக்கு என்று சொன்னால், தேவையை நிரூபிக்கிற போட்டி தொடங்கிவிடுகிறது. நன்றாக எழுதத் தெரிந்தவர் அதில் ஜெயிப்பார், மானத்துக்கு அஞ்சுகிறவர் வாயே திறக்க மாட்டார். முன்பின் தெரியாத ஒருவரின் வறுமையை எடைபோடும் வேலை கொடுப்பவர் தலையில் விழும். நம் கொடுப்பவருக்கும் அதுதான் நடந்தது. அந்த அம்மாவுக்குக் கொடுக்க அவருக்கு மனம் இருந்தது. ஆனால் அந்த அம்மாவிடம் வண்டி இல்லை, கொடுப்பவருக்கோ திங்களுக்குள் வீடு காலியாக வேண்டும்.

இலவசக் கைமாற்றத்தைப் பெரிய அளவில் நடத்தியவர்கள் இந்த முடிச்சை ஏற்கெனவே சந்தித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டூசான் நகரில் டெரன் பீல் என்பவர் 2003 மே மாதம் ஃப்ரீசைக்கிள் என்ற இலவசக் கைமாற்ற அமைப்பைத் தொடங்கினார். நண்பர்களுக்கும் சில தொண்டு நிறுவனங்களுக்கும் அனுப்பிய மின்னஞ்சலில் ஆரம்பித்து அது உலகெங்கும் ஊர்வாரியான குழுக்களாக வளர்ந்தது. தலைப்பிலேயே ‘கொடுக்கிறேன்’, ‘வேண்டும்’, ‘கொடுத்தாயிற்று’, ‘கிடைத்தது’ என்று போடும் வழக்கம் அங்கே பரவியது. சின்ன விஷயம்தான், ஆனால் “இருக்கா?” என்கிற கேள்வியில் பாதியை அது கேட்காமலே தீர்த்துவிடுகிறது. குழுக்களை எப்படி நடத்துவது என்பதில் தலைமையோடு கருத்து வேறுபட்ட பிரிட்டன் தன்னார்வலர்கள் 2009-இல் பிரிந்து ஃப்ரீகில் என்ற தனி அமைப்பை உருவாக்கினார்கள். பழைய பொருளைச் சும்மா கொடுப்பதிலும் விதி என்பது எவ்வளவு பெரிய விவகாரம் என்பதற்கு இதுவே சான்று.

2013 ஜூலையில் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் ரெபெக்கா ராக்கஃபெல்லரும் லீசல் கிளார்க்கும் தொடங்கிய ‘பை நத்திங்’ (எதையும் வாங்காதே) என்ற இலவசக் கைமாற்றக் குழு வேறு பாதையில் போனது. அங்கே முதலில் கேட்டவருக்கே கொடுத்தாக வேண்டும் என்றில்லை. கொஞ்ச நேரம் பொருளை அப்படியே விட்டுவைக்கச் சொன்னார்கள், யாருக்குக் கொடுப்பது என்பதைக் கொடுப்பவர் தன் விருப்பப்படி முடிவு செய்யலாம் என்றார்கள். கேட்பதும் நன்றி சொல்வதும் கொடுப்பதைப் போலவே அங்கே வரவேற்கப்படும். பக்கத்துத் தெருக்காரர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதே நோக்கம் என்பதால் அந்த முறை அவர்களுக்குப் பொருந்தியது.

இரண்டிலிருந்தும் எடுத்து எங்கள் குழுவில் இப்போது ஒன்றைச் செய்கிறோம். பொருளைப் போடுபவர் ஒரு காலக்கெடு சொல்வார், பெரும்பாலும் மறுநாள் இரவு வரை. அதற்குள் யார் கேட்டாலும் அவர்கள் சமம். கேட்பவர்கள் தனி மெசேஜில்தான் கேட்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எந்த நாள், எந்த நேரம், எப்படி எடுத்துப் போவீர்கள் என்பது மட்டும் போதும். கொடுப்பவருக்கு மனம் இருந்தால் யாரையும் தேர்ந்தெடுக்கலாம், இல்லாவிட்டால் சீட்டுக் குலுக்கிப் போடலாம். தேர்வானவர் பெயரோடு அடுத்தவர் ஒருவர் பெயரையும் குறித்துவைத்து அவருக்கும் சொல்லிவிடுகிறோம். குறித்த நேரத்துக்கு முந்தைய நாள் இரவு “நாளைக்கு வர்றீங்கதானே? வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க, தப்பே இல்ல” என்று கொடுப்பவர் ஒரு வரி போடுவார். இந்தக் கடைசி வரியை யோசித்தது அந்த இளைஞர்தான். வேண்டாம் என்று சொல்ல ஒரு கதவைத் திறந்துவைத்தால் சொல்லிவிடுவார்கள் என்றார். சரியாகவே சொன்னார்.

வண்டி இல்லாதவர்களுக்காக, வண்டி வைத்திருக்கும் சிலர் தங்களுக்கு முடிகிற நாட்களைக் குழுவில் எழுதி வைக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு மேசை கிடைத்தது இந்த வழியில்தான். அவரை நான் தனியாக அழைத்துக் கேட்டேன், வேறொரு வீட்டு மேசை போனது.

கொடுக்க மறுத்த தொட்டில் கட்டில்

அதே குடும்பத்தில் ஒரு குழந்தைக் கட்டிலும் இருந்தது, பக்கக் கம்பி மேலும் கீழும் இறங்கும் வகை. ஒரு பக்கம் பூட்டு தளர்ந்திருந்தது. அதைக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொன்னபோது குழுவில் முணுமுணுப்பு. “நாங்க கட்டிக்கிறோம், குடுங்க” என்றார்கள். அமெரிக்காவில் இந்த வகைக் கட்டில்களின் கம்பி கழன்று, இடுக்கில் சிக்கி, 2000-க்குப் பிறகு குறைந்தது 32 குழந்தைகள் இறந்ததாக அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பதிவு செய்தது. 2011 ஜூன் முதல் அங்கே இவற்றைத் தயாரிக்கவும் விற்கவும் தடை. குழந்தைகளுக்கான கார் இருக்கை, விபத்தில் அடிவாங்கிய ஹெல்மெட், மூட்டைப்பூச்சி இருந்த மெத்தை ஆகியவற்றையும் இதே வரிசையில் வைக்கிறேன். மூட்டைப்பூச்சி மாதக்கணக்கில் ரத்தமில்லாமல் தாக்குப்பிடிக்கும் என்பதால், ‘ரொம்ப நாளா யாரும் படுக்கல’ என்பது ஒரு உத்தரவாதமே இல்லை. வறியவர் வீட்டுக் குழந்தைக்கு இது போதும் என்கிற எண்ணம் எவ்வளவு நல்ல மனதோடு வந்தாலும் அதை நான் ஏற்க மாட்டேன். கட்டிலைக் கழற்றி, மறுபடி பூட்ட முடியாதபடி உடைத்துத்தான் அவர்கள் அப்புறப்படுத்தினார்கள்.

வாங்கியதை விற்றால்?

மேசையோடு கொடுத்த ஒரு பெட்டிப் புத்தகங்களை வாங்கியவர் பிறகு விற்றுவிட்டார் என்று ஒரு புகார் வந்தது. கொடுத்துவிட்ட பொருள் வாங்கியவருடையது, அதை விற்பதும் வைத்துக்கொள்வதும் அவர் இஷ்டம் என்பதே என் நிலை. விற்கக்கூடாது என்று நினைத்தால் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும், அப்போது ஒப்புக்கொண்டு வாங்கியவர் அந்தச் சொல்லைக் காக்க வேண்டும். பள்ளி நூலகத்துக்கு என்று சொல்லி வாங்கி விற்றிருந்தால் அது வேறு, அது பொய். இங்கே அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அதனால் அந்தப் புகாரை மேலே கொண்டு போகவில்லை.

இப்போது மிச்சம் இருக்கும் வழக்கு ஒன்றுதான். சொல்லாமல் வராமல் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைக் குழுவில் போட வேண்டும் என்று கொடுத்த பெண் உட்பட பலர் கேட்கிறார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஒரு மாலை முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் பட்டியலை எதிர்த்தேன். வெட்கத்தில் வாய் மூடிக்கொண்டவரைப் பொதுவில் வெட்கப்படுத்தினால் அடுத்த முறையும் அவர் வாய் மூடிக்கொள்ளத்தான் செய்வார். ஒரு முறை வராதவரோடு எங்களில் ஒருவர் போனில் பேசுகிறோம். மறுபடியும் வராவிட்டால், அடுத்து அவர் கேட்கும் பொருளுக்கு அவர் பெயர் இரண்டாம் இடத்தில்தான் இருக்கும், அதை அவருக்கும் சொல்லிவிடுகிறோம். கொடுத்த பெண் இதற்கு அரைமனதாகத்தான் ஒப்புக்கொண்டார். போன வாரம் ஒரு புத்தக அலமாரி போட்டிருக்கிறார், அளவோடு, கீறலைக் காட்டும் இரண்டு படங்களோடு.